மூட்டுக்குள் ஒரு வெளுப்பு

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தை நானே என் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாள் போட வேண்டும். பெட்டி எண், லாரி எண், நுழைந்த நேரம். கீழே ஒரு நீளக் கட்டம், அதற்குப் பெயர் ரிமார்க். பெட்டியில் எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை, எந்தக் கதவில் ரப்பர் கிழிசல் என்று அதில் எழுதுவோம். எழுதாமல் உள்ளே விட்டுவிட்டால், பிறகு கண்டுபிடிக்கப்படும் எல்லாச் சேதமும் எங்கள் யார்டின் தலையில் விழும். அதனால் என் கை எப்போதும் ஒரு வரி கூடுதலாகவே எழுதும்.

அன்றைக்கும் ஒரு லாரி டிரைவர் ஜன்னலில் முகத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"யக்கா, அது பழைய நசுங்கல். துரு ஏறிக் கெடக்கு பாருங்க. நேத்து பட்டிருந்தா பளபளன்னு இருக்கும்லா?"

"பழசோ புதுசோ, இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா எப்ப பட்டதுன்னு பாக்காம என் தலையில எழுதுனா எப்படி? ஒங்க பேனாவுக்கு இரக்கமே கெடையாதுக்கா."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தபடி 16.10 என்று எழுதினேன். அப்போது கைபேசி அதிர்ந்தது. ஸ்கேன் சென்டரிலிருந்து என் மகளின் ரிப்போர்ட்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியின் கால்பந்து அணியில் ஆடுகிறவள். ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு ஆட்டத்தில், பந்தோடு ஓடியவள் சட்டென்று திரும்பியபோது இடது முழங்கால் உள்ளுக்குள் மடங்கி விழுந்தாள். மூட்டின் நடுவே குறுக்காகப் போகும் தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள். திருநெல்வேலியில் அறுவை நடந்தது. அவளுடைய தொடையின் பின்புறத்திலிருந்தே நரம்பு போன்ற நாண்களை எடுத்து, மடித்துத் தைத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த தசைநாரின் இடத்தில் கட்டினார்கள். அந்தக் கட்டுக்குத்தான் கிராஃப்ட் என்று பெயர். ஒன்பதாவது மாதம் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வாருங்கள், பிறகு விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரிப்போர்ட் ஒரு பக்கம்தான். என் கண் எல்லாவற்றையும் தாண்டி, பழக்கப்படி, சேதம் எழுதியிருக்கும் வரிக்குப் போய் நின்றது. கிராஃப்டின் நடுப்பகுதியில் சிக்னல் கூடியிருக்கிறது, பகுதிக் கிழிசலாக இருக்கலாம்.

அந்த வரியைப் படித்தவுடன் எனக்குப் பயம் வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பயம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் வேறொன்று வந்தது. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்கிற ஒரு நிறைவு. பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லிவந்தவள் நான். என் பிள்ளையின் கால் மறுபடி கிழிந்திருக்கிறது என்று படித்த இடத்தில், நான் ஜெயித்துவிட்டதாக என் மனத்தின் ஏதோ ஒரு மூலை எண்ணியது. எழுதவே கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அதற்குப் பிறகு நான் செய்தவை எதுவும் யாருக்கும் புரியாது.

யார்டில் ஒரு பெட்டியில் சேதம் கண்டால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன ஆயிற்று என்பதல்ல. யார் கையில் இருக்கும்போது ஆயிற்று என்பதுதான். அன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அவளுடைய ஷூவுக்குள் மணல் இருந்ததைப் பார்த்திருந்தேன். எங்கே போனாய் என்று கேட்டதற்கு "கிரவுண்டுக்கு, சும்மா" என்றாள். அந்த மணல் இப்போது சாட்சியாக வந்து நின்றது. மீதித் தாள்களை அப்படியே வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, ஸ்கூட்டியை எடுத்தேன்.

கல்லூரி மைதானத்துக்குப் பின்னால் உப்பளம். காற்றுக் காலம் என்பதால் புழுதி முகத்தில் அறைந்தது. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

பயிற்சியாளர் ஒரு பெண். புன்னைக்காயல்காரர். பிள்ளைகள் மிஸ் என்பார்கள், நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர்.

"டீச்சர், யாரு இவள ஓட விட்டது?"

"அக்கா, என்னாச்சு? மொதல்ல இப்படி நிழலுக்கு வாங்க."

"கிழிஞ்சிருக்கு. ரிப்போர்ட் வந்திருக்கு. யாரு கையில இருக்கும்போது கிழிஞ்சிதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் விசிலைக் கழுத்தின் பின்னால் தள்ளிவிட்டு என் கைபேசியை வாங்கிப் படித்தார். பொறுமையாகப் படித்தார். அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இருக்கலாம்னுதானக்கா போட்டிருக்கு. டாக்டர் பாத்தாரா?"

"டாக்டர் என்ன பாக்குறதுக்கு இருக்கு? எழுதியே குடுத்திருக்காங்க."

"அவ மூணு வாரமா நேர்கோட்டுல மெல்ல ஓடுதா, அவ்ளோதான். மணல்ல நடக்கா. டாக்டர் குடுத்த தாள்ல எட்டாவது மாசத்துக்குன்னு இருக்கதுதான் அது. ஒரு பந்தக்கூட நான் அவ கால்ல குடுக்கல."

"எவ்வளவு நிதானமா பேசுறீங்க. ஒரு பிள்ளையப் பெத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

சொல்லிவிட்டேன். காற்று இருந்தும் அது எல்லோருக்கும் கேட்டது. பந்து ஒன்று யாரும் தொடாமல் உருண்டு போய்க் கம்பி வேலியில் நின்றது.

அறுவை நடந்த அன்றைக்கு அந்தப் பெண் திருநெல்வேலிக்கு வந்து, மூன்று மணி நேரம் என் பக்கத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கணவருக்குக் கடை, அவர் மதியத்துக்கு மேல்தான் வர முடிந்தது. நான் அழாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். தன் வீட்டுக் கதையைச் சொன்னார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், போகாத ஆஸ்பத்திரி இல்லை, இப்போது நிறுத்திவிட்டோம் என்றார். "இதுகதான் நமக்கு" என்று கைபேசியில் அணிப் பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். என் மூன்று மணி நேரத்தைத் தள்ளிவிடுவதற்காக அவர் எனக்குக் கொடுத்த கதை அது. அதை எடுத்துத்தான் நான் அவர் மேல் எறிந்தேன்.

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். நான் அத்தோடும் நிற்கவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்து, நின்றபடியே எழுதினேன். பல்கலைக்கழகப் போட்டிக்கான அணிப் பட்டியலிலிருந்து என் மகளின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றும், அவளுக்கு ஏற்பட்டிருக்கும் காயத்துக்கு அணியின் பயிற்சியாளரே பொறுப்பு என்றும். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கி நான்காக மடித்து டிராக் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

என் மகள் அப்போதுதான் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"ஒனக்கு நான் ஒடஞ்சுதான் இருக்கணுமாம்மா?"

அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்காகத்தான் அவள் ஒன்பது மாதம் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். போட்டி இரண்டரை மாதம் கழித்துத்தான். ஆனால் பட்டியல் திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் திருநெல்வேலியில் கொடுக்கப்பட வேண்டும். அதில் பெயர் இல்லாதவள் அந்த வருடம் ஆட முடியாது. அவளுக்கு அது கடைசி வருடம்.

ஞாயிற்றுக்கிழமை பீரோவின் மேலிருந்து பழைய முழங்கால் பட்டையை இறக்கினேன். இரண்டு பக்கமும் இரும்புக் கீல் வைத்த நீளப் பட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் போட்டிருந்தது. தூசியைத் துடைத்து நானே அவள் காலில் மாட்டினேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் எப்போதும் அதிகம் பேசாதவர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

"நாளைக்கு டாக்டர் இங்க வாராருல்லா? அதுக்குள்ள இது எதுக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். ஒனக்குத் தெரியுமா?"

நான் பட்டையின் கடைசி வாரை இழுத்து இறுக்கினேன்.

பதினொரு மணிக்குச் சாத்தான்குளத்திலிருந்து நாத்தனாரின் போன் வந்தது. என் கணவரின் அக்கா. அங்கே பஜாரில் அவர்களுக்குப் பலசரக்குக் கடை.

"ஏளா, பிள்ளைக்குக் காலுல ஆபரேசன் பண்ணியிருக்கியளாம்?"

 இங்கேதான் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பது மாதமாகச் சாத்தான்குளத்தில் யாருக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. ஸ்கூட்டியில் வழுக்கி விழுந்தாள், கால் பிசகியிருக்கிறது, திருநெல்வேலியில் கட்டுப் போட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லிவைத்திருந்தேன். பந்து விளையாடிக் காலை உடைத்துக்கொண்டாள் என்று சொன்னால், என்னைக் கேட்பார்கள், நீ ஏன் விட்டாய் என்பார்கள். அந்த ஒரு கேள்வி என் காதில் விழாமல் இருப்பதற்காக என் பிள்ளையின் கிழிந்த தசைநாரை நான் ஒரு பிசகாக்கிவிட்டேன்.

"சொன்னா பாக்க வந்திருப்போம்லா? நாலு பழம் வாங்கிட்டு வந்து பிள்ள தலைமாட்டுல வச்சிட்டுப் போயிருப்போம். நாங்க என்ன ஒங்களக் கடிச்சா திங்கப் போறோம்?"

"இல்ல மதினி… அது வந்து…"

"என்னத்த வந்து. என் மருமக ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கு. நல்லா இருக்கு ஒங்க ஒறவு."

நாத்தனாரின் மருமகள் தூத்துக்குடியில் அதே ஸ்கேன் சென்டரில்தான் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை நாங்கள் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் அவள்தான் இருந்தாள். "வாங்க சித்தி" என்று சிரித்தாள். டாக்டர் கொடுத்த சீட்டு என் கைப்பையில் இருந்தது. இன்ன தேதியில் இன்ன அறுவை, ஒன்பது மாதக் கிராஃப்டின் நிலை அறிய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "சீட்ட வீட்ல வச்சிட்டு வந்திட்டேம்மா. இடது முழங்கால்" என்றேன். அவள் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். வலி எப்படி வந்தது என்ற இடத்தில், ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததால் என்று எழுதினேன். முன்பு செய்த அறுவையும் தேதியும் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். பதினெட்டு வருடமாக வெறுமையான கட்டத்தோடு ஒரு தாளை உள்ளே விடாத கை அது.

உள்ளே இயந்திரத்தை ஓட்டுகிறவர், மூட்டில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் கைபேசியிலிருந்த டிஸ்சார்ஜ் தாளைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டுச் சரி என்று படம் எடுத்திருக்கிறார். ஆனால் ரிப்போர்ட் எழுதுகிறவர் வேறு ஊரில் இருக்கிறார். அவருக்குப் போனது படங்களும் என் படிவமும் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை. திருநெல்வேலி டாக்டர் வாரம் ஒரு நாள் தூத்துக்குடியில் ஒரு கிளினிக்குக்கு வருவார். பதினொன்றரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மகள் பட்டையோடு உள்ளே நடந்ததைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இத யாரு மாட்டிவிட்டது?"

"நான்தான் சார். ரிப்போர்ட்ல கிழிஞ்சிருக்குன்னு…"

"ரிப்போர்ட் இருக்கட்டும். மொதல்ல காலக் கழட்டுங்க. பட்டையச் சொன்னேன்."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அவளைப் படுக்கச் சொல்லி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் பக்கத்தை முன்னால் இழுத்தார். வலது காலிலும் அதையே செய்தார். மறுபடி இடது கால். என்னை அருகே கூப்பிட்டார்.

"பாருங்க. இழுத்தா கொஞ்சம் வருது, சட்டுன்னு நிக்குது. கயிறு இறுகி நிக்குற மாதிரி. கிழிஞ்சிருந்தா இப்படி நிக்காது, வந்துகிட்டே இருக்கும்."

பிறகு படங்களைக் கணினியில் திறந்தார். கறுப்பும் சாம்பலுமாக, எனக்கு ஒன்றும் விளங்காத படங்கள். அவர் பேனாவின் மூடியால் ஒரு சாய்ந்த பட்டையைத் தொட்டுக் காட்டினார். மேல் எலும்பிலிருந்து கீழ் எலும்பு வரை அது அறுபடாமல் போனது. நடுவில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"இந்த வெளுப்பத்தான் எழுதியிருக்காங்க. நல்லா முதிர்ந்த தசைநார் படத்துல கறுப்பா இருக்கும். தண்ணி, ரத்த ஓட்டம் இருக்கற எடம் வெளுப்பா தெரியும். நாம வச்சது தசைநார் இல்ல, தொடையில இருந்து எடுத்த நாண். உள்ள போன பொறவு மொதல்ல அது கொஞ்சம் செத்த மாதிரி ஆகும். அப்புறம் புதுசா ரத்தக் குழாய் வளரும். மெல்ல மெல்லத்தான் தசைநாரா மாறும். ஒரு வருசம் ஆகும், சிலருக்கு ரெண்டு வருசம்கூட ஆகும். அதுவரைக்கும் வெளுப்பாத்தான் இருக்கும். ஒன்பதாவது மாசத்துல இத நான் எதிர்பாத்தேன். இதுவே நாலு வருசம் கழிச்சு இப்படி இருந்தா நானும் யோசிப்பேன்."

"அப்ப ஏன் சார் கிழிசல்னு…"

"கடைசி வரியப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. அவர் படித்துக் காட்டினார். அறுவை நடந்த காலம் தெரிவிக்கப்படவில்லை, முந்தைய படங்களோடும் நேர்ப் பரிசோதனையோடும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

"அவர் மேல தப்பு இல்ல. கிராஃப்ட் இருக்கது படத்துலயே தெரியும், ஆனா எப்ப வச்சதுன்னு அவருக்குத் தெரியாது. தெரியாதப்ப சந்தேகத்த எழுதி வைக்கதுதான் சரி. நான் தேதி போட்டுச் சீட்டு குடுத்தேனே, அத அவங்க வாங்கலையா?"

என் கைப்பை மடியில் இருந்தது. சீட்டு அதில்தான் இருந்தது. என் கை அதன் ஜிப்பின் மேல் இருந்தது. மகள் என் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். வியாழக்கிழமை நான் ஜிப்பை இழுத்ததை அவள் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு நாளாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"குடுக்கல சார்" என்றேன். சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இப்படி எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தவர் போலிருந்தது அந்தக் கை.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டீம் லிஸ்ட்ல பேர் குடுக்கலாமா சார்?"

"பேர் குடு. ஆடலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லுவேன். படத்த மட்டும் வச்சுச் சொல்ல மாட்டேன். ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டணும், ரெண்டு தொடையும் ஒரே பலத்துல இருக்கணும். அது உன் கையில இருக்கு. இப்ப செஞ்சுக்கிட்டு இருக்கத அப்படியே செய். யாரு உனக்குப் பயிற்சி குடுக்கா?"

"எங்க மிஸ்."

"நல்லாக் குடுத்திருக்காங்க. தொடை வத்தாம இருக்கு."

வெளியே வந்தபோது பன்னிரண்டு மணி. பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பிறகு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். 'தயவுசெய்து என் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்' என்று மட்டும் அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

"மிஸ் பஸ்ல இருப்பாங்க" என்றாள் மகள். "லிஸ்ட நேருல குடுக்கப் போயிருப்பாங்க."

"அப்பாவ விட்டுக் கல்லூரிக்குப் போன் பண்ணச் சொல்லவா?"

"வேண்டாம். இனி ஒண்ணும் பண்ணாத."

அவள் என் ஸ்கூட்டியில் ஏறவில்லை. பட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போனேன். போகாமல் இருக்க நிறையக் காரணம் கண்டுபிடித்தேன். யார்டில் தாள்கள் தேங்கிக் கிடந்தன, போனிலேயே பேசிவிடலாம், இரண்டு நாள் போகட்டும். ஆனால் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால். திருப்பி எடுப்பதும் அங்கேதான் என்று தோன்றியது. திருப்பி எடுக்க முடியும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஸ் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் எனக்கு முன்னாலேயே வந்து, எதிர்ப் பக்கம் கோல் கம்பத்தருகே தனியாக நின்றாள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். யாரும் என்னிடம் வரவில்லை. வழக்கமாக "ஆன்ட்டி, தண்ணி இருக்கா?" என்று ஓடிவருகிறவர்கள்தான். கோல் கீப்பர் பெண் ஆலந்தலைக்காரி, வாய் நீளம் என்று என் மகள் சொல்லிச் சிரிப்பாள். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"ஏளா, பந்த அங்கன அடிக்காதிங்கடி! அவங்க மேல பட்டா லெட்டர் எழுதிருவாங்க!"

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "சும்மா இரி, காதுல விழும்" என்றாள்.

"விழட்டும். மிஸ்ஸுக்கு விழல?"

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து மணி கடந்துவிட்டது என்பதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தேகால். ஐந்தரை. பட்டியல் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. என் கையெழுத்தோடு அந்தத் தாள் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு தாள் கோப்பில் ஏறிவிட்டால் அதை வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என் மகள் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. பந்து தன் பக்கம் வந்தபோது அதைக் காலால் தொடாமல், குனிந்து கையால் எடுத்து எறிந்தாள்.

ஆறு மணி சுமாருக்குக் கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். கைப்பிடியில் ஜெபமாலை தொங்கும் அந்தச் சிவப்பு ஸ்கூட்டரைப் பிள்ளைகள் தூரத்திலேயே கண்டுகொண்டார்கள். ஆட்டம் நின்றது. பஸ் பயணத்தின் கசங்கலோடு, சேலையில், தோளில் ஒரு ஃபைலோடு அவர் இறங்கி நேராக நடந்து வந்தார். சேலையில் அவரை நான் அதற்கு முன் அறுவை நாளன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

நான் எதிரே போனேன். மதியத்திலிருந்து மனத்தில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "டீச்சர், நான்…" என்றேன். கைகூப்பினேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஃபைலைத் திறந்து, நான்காக மடித்த என் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல தேதி இல்ல மேடம். தேதியில்லாத பேப்பர நான் எங்கயும் குடுக்கதில்ல. பேரு லிஸ்ட்ல இருக்கு."

மேடம் என்றார். நான் தாளை வாங்கினேன். உண்மைதான். கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க சொன்னதுக்குத் தேதி உண்டு" என்றார். குரல் உயரவில்லை. "சனிக்கிழமை, அஞ்சேகால் மணி. அது எனக்கு மறக்காது. மறந்திருவேன்னு சொன்னா பொய்யாப் போயிரும்."

பிறகு என்னைத் தாண்டி, கோல் கம்பத்தருகே நின்ற என் மகளைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"ஏளா, அங்கன என்ன கம்பத்துக்குக் காவலா நிக்க? வா, வந்து நேர்கோட்டுல ஓடு. மெல்ல."